மீலாது விருந்துக்கு ஸுப்ரா விரித்த மன்னர்

ரபீஉல் அவ்வல் பிறை தென்பட்டதும் தமிழகத்துக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் பல பள்ளிவாசல்களிலும் இல்லங்களிலும் ஸுப்ஹான மௌலிது ஓதும் ஓசை எழத் தொடங்கிவிடும். பன்னிரண்டு நாட்கள் ஓதி, துஆ கேட்டு, சீரணி வழங்குவார்கள். நிறைவு நாளில் வசதிக்கேற்ப நெய்ச்சோறு சமைத்து, ஒரே சஹனைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து உண்பதும் உண்டு.

பெருமானார் (ஸல்) அவர்கள் பிறந்த மாதத்தில் ஊருக்கெல்லாம் உணவளிக்கும் இந்த வழக்கத்துக்கு முதன்முதல் ஸுப்ரா விரித்தவர் யார்? வரலாற்றாசிரியர்கள் இதற்குப் பதில் சொல்ல வரும்போதெல்லாம் ஒரு மன்னரின் பெயரைக் குறிப்பிடாமல் போவதில்லை. இன்றைய இராக் நாட்டின் வடபகுதியில் உள்ள இர்பில் நகரை ஆண்ட முளஃப்பருத்தீன் கூக்பூரி என்பவரே அவர். மீலாது நாளில் அவர் என்ன சமைத்தார் என்பதோடு, மற்ற நாட்களில் அவர் என்ன செய்தார் என்பதையும் அறிந்து கொள்வது நமக்கு மிகவும் பயனளிக்கும்.

சிறைப்பட்ட இளவரசர்

ஹிஜ்ரி 549-இல் (கி.பி. 1154) மோசூல் கோட்டையில் பிறந்தவர் முளஃப்பருத்தீன். துருக்கிய வம்சத்தவர். கூக்பூரி என்ற துருக்கிச் சொல்லுக்கு நீல ஓநாய் என்று பொருள். தந்தை ஜைனுத்தீன் அலீ இர்பிலின் அதிபதியாக இருந்தார். ஹிஜ்ரி 563-இல் தந்தை மறைந்தபோது மகனுக்கு வயது பதினான்கு. பட்டத்துக்கு வந்த அந்தச் சிறுவரை, காப்பாளராக இருந்த கைமாஸ் என்ற அதிகாரியே தகுதியற்றவர் என்று பட்டம் சூட்டி, சிறையில் அடைத்துவிட்டு, தம்பி யூசுபை ஆட்சியில் அமர்த்திவிட்டார்.

விடுதலையான பின் அவர் பக்தாதுக்குப் போனார், பலனில்லை. மோசூலுக்குத் திரும்பியபோது அதன் ஆட்சியாளர் ஸைபுத்தீன் காஸி அவருக்கு ஹர்ரான் நகரைக் கொடுத்தார். பின்னர் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியோடு சேர்ந்தார். சுல்தான் அவருக்கு மேலும் ஊர்களை வழங்கியதோடு, தம் சகோதரி ரபீஆ காத்தூனையும் மணமுடித்து வைத்தார். பைத்துல் முகத்தஸ் மீட்கப்படுவதற்கு வழி திறந்த ஹித்தீன் போரில் (ஹிஜ்ரி 583, கி.பி. 1187) முன்னின்று போரிட்ட தளபதிகளில் அவரும் ஒருவர்.

சுல்தானுக்கு உதவியாக வந்திருந்த தம்பி யூசுப் ஹிஜ்ரி 586-இல் காலமானார். முளஃப்பருத்தீன் தம் வசமிருந்த ஊர்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தந்தையின் இர்பிலைக் கேட்டுப் பெற்றுக் கொண்டார். சிறுவயதில் எந்த ஊரை இழந்தாரோ அந்த ஊருக்கே மன்னராகத் திரும்பி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்.

மோசூலின் கூலித் தொழிலாளி

மீலாது வழக்கத்தை அவர்தாம் தம் சொந்த எண்ணத்தில் தோற்றுவித்தார் என்று எண்ணிவிடக் கூடாது. அவருக்கு முன்பே கெய்ரோவில் பாத்திமிய கலீபாக்கள் இந்நாளைக் கொண்டாடியிருக்கிறார்கள். அரண்மனையிலிருந்து காழிகளுக்கும் கத்தீபுகளுக்கும் காரிகளுக்கும் இனிப்புத் தட்டுகள் போகும். அது அரசவையைச் சார்ந்தவர்களின் சடங்காகவே இருந்தது.

மோசூலில் நடந்ததோ வேறு. அங்கே ஷைகு உமர் என்றொரு நல்லடியார் இருந்தார். சுண்ணாம்புச் சூளைகளை நிரப்பிக் கொடுத்து, அந்தக் கூலியில் வயிறு வளர்த்தவர். சூளையை நிரப்புபவர் என்ற பொருளிலேயே அல்மல்லா என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது. மாமன்னர் நூருத்தீன் ஸங்கி அவரைப் பெரிதும் நம்பினார். மோசூலில் பெரிய ஜும்ஆப் பள்ளியைக் கட்டும் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்தார். இந்த உமர்தாம் ஆண்டுதோறும் மீலாது நாளில் மக்களை அழைத்து விருந்தளித்தவர். இர்பில் மன்னர் அவரைத்தான் பின்பற்றினார் என்று இமாம் அபூ ஷாமா அவர்கள் எழுதியிருக்கிறார்கள். மன்னரின் விருந்துக்கு வழிகாட்டியவர் ஒரு கூலித் தொழிலாளி என்பதை நாம் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும்.

இர்பிலின் ரபீஉல் அவ்வல்

இர்பிலில் நடந்த மீலாதைக் கண்ணால் கண்டு எழுதியவர், புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான். ஹிஜ்ரி 608-இல் அந்த ஊரிலேயே பிறந்தவர். அவர் தரும் விவரம் இது:

முஹர்ரம் மாதத்திலிருந்தே பக்தாத், மோசூல், ஸின்ஜார், நஸீபீன் முதலிய ஊர்களிலிருந்து ஆலிம்களும் ஸூபிகளும் காரிகளும் கவிஞர்களும் வரத் தொடங்குவார்கள். மரத்தால் இருபதுக்கும் மேற்பட்ட மண்டபங்கள் எழும்பும். ஒவ்வொன்றும் நாலைந்து அடுக்கு உயரம். ஸபர் மாதத்தில் அவை அலங்கரிக்கப்படும். மன்னர் நாள்தோறும் அஸருக்குப் பின் இறங்கி வந்து ஒவ்வொரு மண்டபமாகப் பார்வையிடுவார்.

பெருமானார் (ஸல்) அவர்கள் பிறந்தது பிறை 8 என்றும் 12 என்றும் இரு கருத்துகள் இருந்ததால், ஓராண்டு எட்டாம் நாளிலும் மறு ஆண்டு பன்னிரண்டாம் நாளிலும் மீலாதை நடத்துவார். இரு தரப்பாரின் மனமும் நிறையட்டும் என்ற பெருந்தன்மையைப் பாருங்கள்!

அதற்கு இரண்டு நாள் முன்னதாக ஒட்டகங்களும் மாடுகளும் ஆடுகளும் எண்ணற்ற அளவில் திடலுக்குக் கொண்டு வரப்பட்டு அறுக்கப்படும். அண்டாக்கள் அடுப்பேறும். மீலாது இரவில் மெழுகுவர்த்திகளைத் தாங்கிய ஊர்வலம் வரும். காலையில் பயான் நடக்கும். அது முடிந்ததும் திடலில் ஸுப்ரா விரிக்கப்படும். அதில் யார் வேண்டுமானாலும் அமரலாம். சிறப்பாக அது ஏழைகளுக்கானது. வந்திருக்கும் விருந்தினர்களுக்குத் தனியாக இன்னொரு விருந்து.

அந்த விருந்தில் கலந்து கொண்ட ஒருவர் சொன்னதாக ஸிப்து இப்னுல் ஜவ்ஸீ என்ற வரலாற்றாசிரியர் ஒரு கணக்கைத் தருகிறார். சுட்ட ஆட்டுத் தலைகள் 5,000, கோழிகள் 10,000, உணவுக் கிண்ணங்கள் ஒரு லட்சம், இனிப்புத் தட்டுகள் 30,000. கண்டவர் வியந்து சொன்ன கணக்கு என்று கொண்டாலும், விருந்தின் பெருமையை அறிய இது போதும்.

ஹிஜ்ரி 604-இல் அவ்வழியாகச் சென்ற அந்தலூஸிய அறிஞர் இப்னு திஹ்யா, மன்னரின் ஆர்வத்தைக் கண்டு பெருமானாரின் பிறப்பைப் பற்றி ஒரு நூலை இயற்றினார். அதற்கு மன்னர் அளித்த அன்பளிப்பு ஆயிரம் தீனார்.

ஒரு நாளும் மற்ற நாட்களும்

இவ்வளவோடு வரலாறு முடிந்திருந்தால், ஒரு மன்னர் ஆடம்பரமாக விழா எடுத்தார் என்று சொல்லிவிட்டு நாம் போய்விடலாம். ஆனால் இர்பிலில் விழா இல்லாத நாட்களைப் பற்றியும் இப்னு கல்லிகான் எழுதி வைத்திருக்கிறார்.

ஒவ்வொரு நாள் காலையிலும் நகரின் பல இடங்களில் ஏழைகளுக்கு ரொட்டி வழங்கப்படும். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் தனித்தனியே ஆடைகள். அவற்றோடு கையில் ஒன்றிரண்டு தீனார். கண் தெரியாதவர்களுக்கும் தீராத நோயாளிகளுக்கும் நான்கு இல்லங்களைக் கட்டி வைத்திருந்தார். திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் அஸருக்குப் பின் மன்னரே அங்கே வருவார். ஒவ்வொருவர் அறைக்குள்ளும் நுழைந்து, நலம் விசாரித்து, கையில் கொஞ்சம் காசு கொடுத்து, வேடிக்கையாகப் பேசிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் அடுத்த அறைக்குப் போவார்.

விதவைகளுக்கு ஓர் இல்லம். யத்தீம்களுக்கு ஓர் இல்லம். தெருவில் விடப்பட்ட பச்சிளங் குழந்தைகளுக்கும் ஓர் இல்லம் இருந்தது. அங்கே பாலூட்டும் தாய்மார்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்தியிருந்தார். மருத்துவமனைக்குச் சென்றால் ஒவ்வொரு நோயாளியின் அருகிலும் நின்று, இரவு எப்படிக் கழிந்தது, என்ன சாப்பிட விருப்பம் என்று கேட்பார்.

உணவு விஷயத்தில் அவரிடம் ஓர் அருமையான பழக்கம் இருந்தது. கிண்ணத்தில் ஒரு கவளம் எடுத்து அது சுவையாக இருந்துவிட்டால், தொடர்ந்து உண்ண மாட்டார். இந்தப் பெரியவருக்குக் கொண்டு போ, அந்தப் பெண்மணிக்குக் கொண்டு போ என்று ஊரிலுள்ள நல்லடியார்களின் வீடுகளுக்கு அதை அனுப்பிவிடுவார். பழமானாலும் இனிப்பானாலும் அப்படியேதான். நல்லதைப் பிறருக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்ற மார்க்க போதனையை அவர் தம் சாப்பாட்டுத் தட்டிலேயே கடைப்பிடித்தார்!

ஆண்டுக்கு இரு முறை நம்பகமானவர்களைப் பணத்தோடு அனுப்பி, சிலுவைப்படையினரிடம் சிக்கிய கைதிகளை மீட்டு வந்தார். அறபா மலைக்குத் தண்ணீர் கொண்டு வரப் பெரும் பொருள் செலவிட்டு, ஹாஜிகளின் தாகம் தீர்க்கத் தொட்டிகளைக் கட்டினார்.

வரலாற்று நூல்கள் தரும் ஆண்டுச் செலவுக் கணக்கைப் பாருங்கள். மீலாது விழாவுக்கு மூன்று லட்சம் தீனார். கைதிகளை மீட்க இரண்டு லட்சம். வழிப்போக்கர் விருந்தில்லத்துக்கு ஒரு லட்சம். மக்கா, மதீனாவுக்கும் ஹஜ் பாதையின் தண்ணீருக்கும் முப்பதாயிரம். கூட்டிப் பார்த்தால் விழாச் செலவைவிட மற்றவை அதிகம்! மறைவாகக் கொடுத்த ஸதகா இந்தக் கணக்கில் சேராது.

இத்தனையும் செய்தவர் உடுத்தியது முரட்டுப் பருத்திச் சட்டை. அதன் விலை ஐந்து திர்ஹம்கூடப் பெறாது. மனைவி ரபீஆ காத்தூன் ஒருநாள் இதற்காகக் குறைப்பட்டுக் கொண்டார். விலையுயர்ந்த ஆடையைத் தாம் உடுத்திக் கொண்டு ஏழையைக் கைவிடுவதைவிட, ஐந்து திர்ஹம் ஆடை போதும், மீதியைத் தர்மம் செய்வதே மேல் என்று மன்னர் பதில் சொன்னாராம். சுல்தான் ஸலாஹுத்தீனின் சகோதரியே பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்.

ஒரு கண்டனம்

நடுநிலையோடு வரலாற்றைப் பார்ப்பவர்கள் இன்னொரு சாட்சியையும் கேட்க வேண்டும். அதே காலத்தில் வாழ்ந்த புவியியல் அறிஞர் யாகூத் அல்ஹமவீ இர்பிலைப் பற்றி எழுதும்போது, இம்மன்னரின் ஆட்சியில் நகரம் செழித்ததையும் ஏழைகளுக்கும் அந்நியர்களுக்கும் அவர் வாரி வழங்கியதையும் ஒப்புக் கொள்கிறார். ஆனால் குடிமக்களிடம் கடுமையாக நடந்து, முறையற்ற வழியில் பணம் பறித்தார் என்றும், அவருடைய குணங்கள் ஒன்றுக்கொன்று முரணானவை என்றும் கூசாமல் எழுதிவிட்டார்.

இந்தக் கண்டனத்தை நாம் ஒதுக்கிவிட முடியாது. ஒரு லட்சம் கிண்ணங்களில் உணவு நிறைந்திருந்தாலும், அதில் ஒரு கிண்ணம் ஒரு குடியானவரின் கண்ணீரால் நிறைந்திருந்தால் அதற்கு யார் பதில் சொல்வது? சூளையில் உழைத்த கூலிக்காசில் வாழ்ந்த ஷைகு உமரின் ஸுப்ராவுக்கு இந்தக் கேள்வி எழவில்லை.

மன்னர் ஹிஜ்ரி 630, ரமளான் மாதத்தில் (கி.பி. 1233) மறைந்தார். அறபா மலையடியில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று அங்கே ஒரு குப்பாவைக் கட்டி வைத்து, வஸிய்யத்தும் செய்திருந்தார். மறு ஆண்டு ஜனாஸாவை எடுத்துக் கொண்டு ஹஜ் கூட்டம் புறப்பட்டது. ஆனால் பாலைவன வழியில் தண்ணீர் கிடைக்காமல் கூட்டம் பாதியில் திரும்பியது. அறபாவுக்குத் தண்ணீர் கொண்டு வந்தவரின் உடல், தண்ணீர் இல்லாத காரணத்தால் அங்கே போய்ச் சேராமல் கூபாவில் அடக்கம் செய்யப்பட்டது. அல்லாஹ்வின் நாட்டத்தை யார் அறிவார்! அவர் காலத்து மினாரா ஒன்று மட்டும் இர்பிலில் இன்றும் நிற்கிறது.

நம் வீட்டு ஸுப்ரா

மீலாது விழா கூடுமா, கூடாதா என்பதில் உலமாக்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. மாலிக்கி மத்ஹபின் இமாம் பாகிஹானீ அவர்கள் அதை மறுத்து எழுதினார்கள். இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்கள் இம்மன்னரின் வரலாற்றையும் எடுத்துக்காட்டி, அது நல்ல வழக்கமே என்று தனி நூல் எழுதினார்கள். அந்தச் சர்ச்சைக்குள் நாம் இங்கே நுழையவில்லை. ஆனால் மறுத்த இமாமவர்கள் குறிப்பாகக் கண்டித்த ஒன்றை இரு தரப்பாரும் சிந்திக்க வேண்டும். வெட்கத்துக்குப் பயந்து, மனம் நோக நோக ஒருவர் கொடுக்கும் பணத்தை வாங்கி விருந்து நடத்துவதுதான் அது. யாகூத் இர்பிலில் கண்ட குறையும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதானே!

ஆகவே அன்பர்களே, நேர்ச்சையானாலும் வலீமாவானாலும் பெருநாள் விருந்தானாலும், அடுப்பு மூட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொள்வோம். இந்த அரிசி எந்தக் காசில் வந்தது? கடன் வாங்கியோ, வரி என்று வற்புறுத்தி ஏழையிடம் வாங்கியோ வந்ததா? இந்த ஸுப்ராவில் யார் அமரப் போகிறார்கள்? செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் விருந்து உணவே கெட்ட உணவு என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருப்பதை மறக்கலாமா? சஹன் கழுவி வைத்த மறுநாள், பக்கத்துத் தெருவில் படுத்திருக்கும் நோயாளியின் கதவை நாம் தட்டுவோமா?

உழைத்த காசில் சமைத்து, அழைக்க யாருமற்றவர்களை அழைத்து, மிகச் சுவையான கவளத்தைப் பிறருக்கு அனுப்பும் மனத்தை வல்ல அல்லாஹ் நம் ஒவ்வொரு இல்லத்துக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.