கொள்ளிடத்தை மடக்கிய வெள்ளைக்காரர்! முக்கொம்பு கட்டிய காட்டன் கதை

வையம்பட்டி:

வையம்பட்டி, மணப்பாறை பக்கத்து ஜனங்களுக்கு லீவு விட்டால் முக்கொம்பு ஒரு சுற்றுலாத் தலம். பிள்ளை குட்டிகளோடு போய், கட்டுச்சோறு சாப்பிட்டு, தண்ணீரை வேடிக்கை பார்த்துவிட்டு வருவார்கள். ஆனால் அந்த அணை இல்லாவிட்டால் தஞ்சை நெற்களஞ்சியமே காய்ந்து போயிருக்கும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அதைக் கட்டியவர் சர் ஆர்தர் காட்டன். 1803-ம் ஆண்டு மே 15-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தவர். வீட்டில் 11 ஆண் பிள்ளைகள், அதில் இவர் 10-வது. மீசை முளைக்கும் முன்பே ராணுவ இன்ஜினீயர் ஆகி, 1821-ல் சென்னைக்கு கப்பல் ஏறி வந்தார். பர்மா சண்டைக்கும் போய்த் திரும்பினார். 1828-ல் காவிரிப் பாசன வேலை அவர் கைக்கு வந்தது.

மேடான காவிரி

அப்போது காவிரியின் நிலைமை படுமோசம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில்தான் ஆறு காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிறது. காவிரிப் பக்கம் மணல் சேர்ந்து மேடாகிக் கொண்டே போனது. கொள்ளிடமோ பள்ளம். தண்ணீர் பள்ளத்தைத்தானே தேடும்? வந்த வெள்ளமெல்லாம் கொள்ளிடம் வழியாக ஓடிக் கடலில் கலந்தது. தஞ்சாவூர் விவசாயி வாய்க்காலைப் பார்த்துக் கொண்டு வானத்தைப் பார்த்தார்.

கரிகாலன் காட்டிய வழி

கட்ட வேண்டும் என்றால் அடியில் பாறை வேண்டும். முக்கொம்பில் தோண்டத் தோண்ட மணல்தான். காட்டனுக்கு வழி காட்டியது கல்லணை. கரிகால் சோழன் பெயரைச் சொல்லும் அந்த அணையை அவர் துருவித் துருவிப் பார்த்தார். ஆற்றில் பெரிய பெரிய கற்களைப் போடுவது, அவை மணலுக்குள் இறங்கினால் மேலே மறுபடியும் கல் போடுவது, இறங்குவது நின்றதும் களிமண் வைத்துக் கட்டிக் கொண்டே போவது. இவ்வளவுதான் நம்ம ஊர் முன்னோர் வித்தை! மணலில் அஸ்திவாரம் போடும் பாடத்தை அங்கேதான் கற்றார் காட்டன்.

1830-ல் கல்லணையிலேயே மணல் போக மதகுகள் வைத்தார். பிறகு கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையும், கீழே அணைக்கரையில் கீழணையும் 1836-ல் எழும்பின. தண்ணீர் மட்டம் உயர்ந்தது. காவிரியில் மறுபடியும் வெள்ளம் பாய்ந்தது.

ஒரு பக்கம் கட்டினால்...

இங்கேதான் ஒரு சங்கதி. கொள்ளிடத்தை மடக்கியதும் காவிரிக்குள் தண்ணீர் அளவுக்கு மீறிப் பாய்ந்து, படுகையை அரிக்க ஆரம்பித்துவிட்டது. அதனால் 1840-களில் காவிரித் தலைப்பிலும் ஒரு தரைச்சுவர் கட்ட வேண்டி வந்தது. தண்ணீரை ஒரு பக்கம் தடுத்தால் அது இன்னொரு பக்கம் கணக்கு கேட்கும் என்பது அப்போதே தெரிந்துபோனது.

கடலோடும் மல்லுக்கட்டு

வெயிலில் அலைந்து காட்டனின் உடம்பு கெட்டுவிட்டது. ஓய்வுக்காக ஆஸ்திரேலியா பக்கம் உள்ள டாஸ்மேனியா போனார். 1841-ல் எலிசபெத் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்து கொண்டு திரும்பினார். விசாகப்பட்டினத்தில் வேலை கிடைத்தது. அங்கே கடல் கரையை அரித்துக் கொண்டிருந்தது. கரையில் இருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளைக் கட்டினார். இன்றைக்கு நம்ம மீனவர்கள் தூண்டில் வளைவு என்று சொல்கிறார்களே, அதே மாதிரிதான். அலை அடித்துக் கொண்டு போகும் மணலை அந்தக் கற்கள் பிடித்து நிறுத்தும்.

ஆனால் கடல் மணலும் ஆற்றுத் தண்ணீர் மாதிரிதான். நம்ம கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கில் இருந்து வடக்கே நகரும். நடுவில் தடுத்தால் தெற்கே சேரும், வடக்கே அரிக்கும். 1876-ல் சென்னைத் துறைமுகம் கட்ட ஆரம்பித்த பிறகு மெரினா மணல் அகலமானதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே புகுந்ததும் இதனால்தான்.

கோதாவரியின் பகீரதன்

காட்டன் அடுத்து கோதாவரிக்குப் போனார். பஞ்சமும் வெள்ளமும் மாறி மாறி அடித்த பூமி அது. தவளேஸ்வரத்தில் 1847-ல் தொடங்கி 1852-ல் மூன்றரை கிலோ மீட்டருக்கும் நீளமான அணையைக் கட்டி முடித்தார். காவிரியில் படித்த மணல் பாடம்தான் அங்கேயும் கைகொடுத்தது. 1861-ல் சர் பட்டம் கிடைத்தது. ஆந்திர விவசாயிகளோ அவரை இன்னொரு பகீரதன் என்றார்கள். கோதாவரிக் கரையில் அவர் பெயரைச் சொல்லித் தர்ப்பணம் கொடுப்பவர்கள் இப்போதும் உண்டு. இப்போது அங்கே இருக்கும் புதிய அணைக்கும் அவர் பெயர்தான்.

சொந்த நாட்டில் மட்டும் பாராட்டு கொஞ்சம்தான். ரயிலுக்குக் கொட்டும் பணத்தை வாய்க்காலுக்குப் போடுங்கள் என்று விடாமல் வாதாடினார். 1878-ல் பாராளுமன்றக் கமிட்டி முன்பு தன் திட்டங்களுக்குப் பதில் சொல்ல வேண்டி இருந்தது. 1899 ஜூலையில், 96 வயதில் காலமானார்.

அந்த ராத்திரி

2018 ஆகஸ்டு 22-ந் தேதி ராத்திரி. காவிரியில் வெள்ளம் இரு கரை தொட்டுப் போய்க் கொண்டிருந்தது. முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் 45 மதகுகளில் 9 மதகுகள் இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. திருச்சியே அதிர்ந்தது. அதன் பிறகு சுமார் ரூ.387 கோடியில் புது கதவணை கட்டப்பட்டது. 180 வருஷத்துக்கு மேல் தாங்கிய அணைதான். ஆனாலும் கல்லுக்கும் வயசாகும், கட்டிவிட்டுப் போனால் மட்டும் போதாது, கண்காணிக்கவும் வேண்டும் என்று அந்த ராத்திரி சொல்லிவிட்டது.

வையம்பட்டிக்கு காவிரி பாய்வதில்லை. மழையையும் பொன்னணியாறு அணையையும் நம்பித்தான் இங்கே வெள்ளாமை. தண்ணீரின் அருமை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அடுத்த தடவை முக்கொம்பு போகும்போது, பூங்காவோடு திரும்பாமல் அணைப் பக்கமும் நடந்து பார்த்துவிட்டு வரலாம். கரிகாலனிடம் பாடம் படித்த வெள்ளைக்காரரின் உழைப்பு அங்கேதான் ஆரம்பித்தது.