பொறுப்பேற்ற பெருந்தகை

பதவி கிடைத்தபொழுது மகிழ்பவர் பலர். அதற்குரிய பொறுப்பை உணர்ந்து நடப்பவர் சிலர். தம் துறையில் தீங்கு நேர்ந்தவிடத்து அப்பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு பதவியையே துறப்பவர் மிகச் சிலர். அம்மிகச் சிலருள் ஒருவர் லால் பகதூர் சாஸ்திரியார்.

இருப்புப்பாதைகள் பல வந்து கூடும் ஊர் மொகல்சராய். காசிக்கு அண்மையிலுள்ள அவ்வூரில் அவர் 1904ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் பிறந்தார். ஆசிரியராய்ப் பணிபுரிந்த தந்தையார் சாரதாப் பிரசாதர், மைந்தருக்கு இரண்டு வயது நிறையுமுன்னே காலமானார். அன்னையார் இராம்துலாரி அம்மையார், தம் தந்தையின் இல்லத்தில் வாழ்ந்து மகனை வளர்த்தார். இளைஞர் லால் பகதூர், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டுப் பள்ளியை விட்டு வெளியேறினார். பின்னர்க் காசி வித்யாபீடத்தில் பயின்று, சாஸ்திரி என்னும் பட்டம் பெற்றார். பட்டமே அவருக்குப் பெயராய் நிலைத்தது. விடுதலைப் போரில் பன்முறை சிறை புகுந்தார்.

1952இல் அவர் நடுவண் அரசின் இரயில்வே அமைச்சரானார். ஏழை எளியோர் பயணஞ்செய்த மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் மின்விசிறி முதலிய வசதிகள் ஏற்படச் செய்தார். 1956 செப்டம்பரில் மகபூப்நகரை அடுத்துப் பாலம் ஒன்று இடிந்து புகைவண்டி வீழ்ந்தது. 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உடனே சாஸ்திரியார் பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு அதற்கு இசையவில்லை.

வடநாட்டில் குளிர்காலத்து மூடுபனி புகைவண்டிக்குப் பகை. நம் நாட்டிலோ ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் அடைமழையே பெரும்பகை. வெள்ளம் பாலத்தையொட்டிய மண்ணை அரித்துச் செல்லும். மேலுள்ள தண்டவாளமோ முன்போலவே தோன்றும். இருளில் வரும் ஓட்டுநர் அவ்விடரை அறிதல் அரிது.

அத்தகைய மழைக்காலத்தில், 1956 நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், சென்னையினின்று தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவுவண்டி அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தை அணுகியது. பெருவெள்ளத்தால் பாலம் நிலைகுலைந்திருந்தது. எஞ்சினும் அதனைத் தொடர்ந்த பெட்டிகள் சிலவும் ஆற்றில் வீழ்ந்தன. இங்கும் 100க்கும் மேற்பட்ட உயிர்கள் மாய்ந்தன.

சாஸ்திரியார் பாலம் கட்டியவரல்லர், வண்டி ஓட்டியவருமல்லர். மழையின்மேல் பழிபோட்டு அமைந்திருக்கலாம். ஆயினும், துறைக்குத் தலைவர் தாமே என்றெண்ணி மீண்டும் பதவி விலகினார். அவர்மீது குற்றமில்லை என்று அறிந்தும், ஆட்சி முறைக்கு நல்லதொரு முன்மாதிரியாக அமையும் எனக் கருதி, நேரு இம்முறை அதனை ஏற்றார்.

பதவியை விட்டவரை நாடு கைவிடவில்லை. அவர் மீண்டும் அமைச்சரானார், 1964இல் பிரதமருமானார். 1966 சனவரி 11ஆம் நாள் தாஷ்கண்டு நகரில் உயிர்நீத்தார். அவ்வாண்டே பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்பெற்றது.

மாணவர்களே! இன்றும் மழைக்கால இரவுகளில் காவலர்கள் கையில் விளக்கேந்தித் தண்டவாளத்தின் வழியே நடந்து காவல் புரிகின்றனர். பாலங்களில் வெள்ளத்தின் அபாய அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. ஐயம் தோன்றிய இடத்தில் வண்டியை மெல்லச் செலுத்துகின்றனர். வேண்டுமாயின் நிறுத்தியும் விடுகின்றனர். வண்டி காலந்தாழ்த்து வந்தால் நாம் சினங்கொள்கிறோம். அத்தாழ்வே பல உயிர்களைக் காத்த தாழ்வாகவும் இருத்தல் கூடும். விளக்கேந்தி நடக்கும் காவலர் முதல் அமைச்சர் வரை ஒவ்வொருவரும் பொறுப்புத் தமதே என்று கருதுமிடத்தில்தான் பயணிகள் அச்சமின்றி உறங்க இயலும். சாஸ்திரியாரின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.