ஆளுநரின் கையொப்பம்

மே நாளை நாம் அறிவோம். 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் அந்நாளைக் கொண்டாடிய வரலாற்றையும் அறிவோம். அந்நாளின் பின்புலமான சிகாகோ நிகழ்வில் தண்டிக்கப்பட்டோருக்காகத் தம் அரசியல் வாழ்வையே பணயம் வைத்த ஒருவரை நம்முள் பலர் அறியார். அவர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்டு.

1847-இல் ஜெர்மனியில் பிறந்த அவரைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்துக்குக் கொண்டுசென்றனர். ஏழை உழவர் குடும்பம். பள்ளிக் கல்வி சிறிதே வாய்த்தது. 16ஆம் அகவையில் உள்நாட்டுப் போரில் வடமாநிலப் படையில் சேர்ந்தார். பின்னர் ஆசிரியராகவும் இருப்புப்பாதைக் கூலியாளாகவும் உழைத்துச் சட்டம் கற்றார். 1875-இல் சிகாகோவில் குடியேறி, வழக்குரைஞராகவும் நில வணிகராகவும் செல்வம் சேர்த்தார்.

அந்நாளைய சிகாகோ, ஆலைப் புகையும் இறைச்சிக் கூடங்களின் நாற்றமும் சூழ்ந்த நகரம். ஜெர்மானியரும் அயர்லாந்தினரும் செக் மக்களும் போலந்து மக்களும் நாள்தோறும் பத்து மணிநேரத்துக்கு மேலாக அங்கு உழைத்தனர். முதலாளிகளுக்கு அயலவரின் மலிவான கைகள் வேண்டும். அக்கைகள் உரிமை கேட்டு உயர்ந்தால், அயல்நாட்டுக் கலகக்காரர் என்று நாளிதழ்கள் முழங்கும். இம்முரணை, தாமும் குடியேறியவரான ஆல்ட்கெல்டு நன்குணர்ந்திருந்தார்.

1886 மே முதல் நாள் எட்டு மணிநேர வேலை கோரி வேலைநிறுத்தம் தொடங்கியது. 3ஆம் நாள் மெக்கார்மிக் ஆலை வாயிலில் காவலர் துப்பாக்கியால் சுட்டனர். அதனைக் கண்டித்து மறுநாள் இரவு ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கூட்டம் நடந்தது. நகரத் தலைவரே வந்து பார்த்து, அமைதியாக நடக்கிறது என்று கருதித் திரும்பினார். மழைமேகம் கண்டு மக்களும் கலையத் தொடங்கிய வேளையில் காவல் படை நுழைந்தது; எவரோ வெடிகுண்டு வீசினர். காவலர் எழுவர் இறந்தனர். வீசியவர் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. எனினும் தொழிலாளர் இயக்கத்தினர் எண்மர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். அவர்களுள் ஐவர் ஜெர்மனியில் பிறந்தவர், ஒருவர் இங்கிலாந்தினர். 1887 நவம்பரில் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் அதற்கு முதல்நாள் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். எஞ்சிய மூவர் சிறையில் இருந்தனர்.

1892-இல் ஆல்ட்கெல்டு இல்லினாய் மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அயல்நாட்டில் பிறந்த ஒருவர் அம்மாநிலத்தில் அப்பதவியை அடைந்தது அதுவே முதன்முறை. மூவரையும் விடுவிக்குமாறு செல்வர் சிலரும் வேண்டினர். தண்டனை போதும், கருணை காட்டுக என்பதே அவர்கள் விருப்பம். அவ்வழி எளிது, எவரையும் குறை கூறாமல் ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆல்ட்கெல்டோ வழக்கின் ஆவணங்களை முழுமையாகப் படித்தார். நடுவர் குழு ஒருசார்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்றும், குண்டு வீசியவருக்கும் தண்டிக்கப்பட்டோருக்கும் தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்றும், நீதிபதி நடுநிலை பிறழ்ந்தார் என்றும் விரிவாக எழுதி, 1893 ஜூன் 26 அன்று மன்னிப்பு ஆணையில் கையொப்பமிட்டார். அது கருணையன்று, நீதி. அதனாலேயே சினம் மூண்டது. நாளிதழ்கள் அவரை அராசகர் என்றன. அவர் பிறந்த நாட்டைச் சுட்டி, அமெரிக்க உணர்வற்றவர் என இகழ்ந்தன.

அவ்வாண்டிலேயே 14 அகவைக்குட்பட்ட சிறாரை ஆலைப்பணியில் அமர்த்துவதைத் தடுத்து, பெண்களுக்கு எட்டு மணிநேர வேலையை வரையறுக்கும் சட்டத்தில் அவர் கையொப்பமிட்டார். தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளராக ஃப்ளோரன்ஸ் கெல்லி என்னும் பெண்மணியை அமர்த்தினார். எட்டு மணிநேர விதியை 1895-இல் மாநில உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. 1894-இல் புல்மன் வேலைநிறுத்தத்தின்போது, தம் மாநிலம் கேளாமலே நடுவண் படையை அனுப்பிய குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்தையும் அவர் எதிர்த்தார்.

1896 தேர்தலில் ஆல்ட்கெல்டு தோற்றார். செல்வமும் கரைந்தது. மீண்டும் வழக்குரைஞராகி, நண்பர் கிளாரன்ஸ் டாரோவுடன் இணைந்து பணியாற்றினார். 1902 மார்ச்சில், ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட தென்னாப்பிரிக்கப் போயர் மக்களுக்காக ஜோலியட் நகரில் உரையாற்றினார். உரை முடிந்ததும் மயங்கி வீழ்ந்து, 12ஆம் நாள் காலமானார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் அவர் விடுவித்த அம்மூவரும் வெளிவந்தது அந்நகரின் சிறையிலிருந்துதான்.