துறைமுகத்துக் கணக்கர்

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு சிறிய ஓட்டு வீடு உண்டு. தெருவோரம் ஒரு திண்ணை; தெருவைப் பார்த்த சன்னலுடன் ஓர் அறை. 2003ஆம் ஆண்டு சாஸ்திரா பல்கலைக்கழகம் இதனை வாங்கி நினைவில்லமாகக் காத்து வருகிறது. மாளிகையும் பூங்காவும் தேடி வருவோர் ஏமாறுவர். கணிதமேதை இராமானுஜன் வளர்ந்த இல்லம் இதுவே.

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்தவர். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். தாள் வாங்க வசதி ஏது? திண்ணையில் அமர்ந்து சிலேட்டில் கணக்கிடுவார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டும் நோட்டில் குறிப்பார். அந்நோட்டுகளில் விடைகள் மலிந்து, வழிமுறை அருகிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர எதிலும் மனம் செல்லவில்லை, உதவித்தொகை நின்றது. அது நின்றால் ஒரு வீட்டில் என்ன நேரும் என்பதை நம் கல்லூரி மாணவர் எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்து எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தோற்றார். விதி விதிதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு சான்றிதழ் இல்லாமையால் நான்கைந்து ஆண்டுகள் வேலையின்றி அலைந்தாரே!

1912 மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் எழுத்தரானார். மாதச் சம்பளம் முப்பது ரூபாய். காலடிப்பேட்டையிலும் இராயபுரத்திலும் துறைமுக வேலைக்குச் சென்றோர் பலர். அவ்வகையில் அவர் நம்மவரே. சரக்குக் கட்டும் தாளையும் எழுதுவதற்காகத் தேடித் திரிந்தார் என்பர். மேலதிகாரி நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். மாலைகளில் இருவரும் சிலேட்டும் கையுமாக அமர்வர். அவ்வலுவலக முகவரியிலிருந்தே 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் சென்றது. முன்னர் வேறு இரு பேராசிரியர்களுக்கு எழுதியும் பயனில்லை.

1914இல் கப்பலேறினார். 1916இல் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றார்; 1918இல் இராயல் சங்க உறுப்பினரானார். நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் சேத்துப்பட்டில் மறைந்தார். அகவை முப்பத்திரண்டு.

துணைவியார் ஜானகி அம்மாள் தையல் தைத்துப் பிழைத்தார். கணவருக்கு ஒரு சிலை வேண்டும் என்பது அவர் ஆசை. உலகக் கணித அறிஞர்கள் நிதி திரட்டிச் செய்த மார்பளவுச் சிலை 1985இல் அவர் கைக்கு வந்தது. இராயபுரத்தில் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன் 1993இல் இராமானுஜன் அருங்காட்சியகம் கண்டார். அம்மையார் மறைந்தது 1994இல்.