பதவி பறிக்கப்பட்ட நடுவர்: சுரேந்திரநாத் பானர்ஜியின் பொதுவாழ்வு

ஆராயாமல் பிறப்பித்த ஓர் ஆணைக்காகப் பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலேயே உயிர் நீத்த வரலாற்றைச் சிலப்பதிகாரம் பயின்றோர் அறிவர். படித்துப் பாராமல் இட்ட ஒரு கையெழுத்துக்காக நீதிப் பதவியை இழந்து, அவ்விழப்பையே வாயிலாகக் கொண்டு அரைநூற்றாண்டுக் காலம் பொதுவாழ்வில் நின்றவர் ஒருவர் வங்கத்தில் இருந்தார். அவர் சுரேந்திரநாத் பானர்ஜி. இலக்கிய வட்டமொன்றின் பத்தாண்டு நிறைவு மலரில் வங்க அரசியலாளர்க்கு என்ன இடம் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். காசிக்கும் பர்மாவுக்கும் சென்று வந்த நகரத்தார் வழியே கல்கத்தா என்னும் பெயர் செட்டிநாட்டு வீடுகளில் முன்பே புழங்கிய ஒன்றுதான். அன்றியும், நாலுபேர் கூடிச் சங்கம் அமைத்து, பேசி, எழுதி, கருத்தை வளர்க்கும் நெறி இந்நாட்டில் வேரூன்றக் காரணமானோருள் அவர் ஒருவர். 1917இல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் தோன்றியதற்கு நாற்பதாண்டுகள் முன்பே அவர் அப்பணியில் இறங்கிவிட்டார்.

1848ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்த சுரேந்திரநாத்தின் தந்தையார் துர்காசரண், மேலை மருத்துவம் பயின்று புகழ்பெற்ற மருத்துவர். மகன் 1868இல் பி.ஏ. தேறியதும் ரொமேஷ் சந்திர தத், பிஹாரிலால் குப்தா ஆகிய இருவரோடும் கப்பலேறி இலண்டன் சென்றார். மறு ஆண்டே ஐ.சி.எஸ். தேர்வில் வெற்றி பெற்றார். அதற்கு முன் அத்தேர்வில் தேறியிருந்த இந்தியர் சத்யேந்திரநாத் தாகூர் ஒருவரே.

தேறிய பின்னும் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. காரணம் வயது. மெட்ரிகுலேஷன் தேர்வெழுதியபோது பதினாறு என்று பதிவாகியிருந்த வயதைக் கொண்டு கணக்கிட்டால் இருபத்தொன்றாகிய வரம்பை அவர் கடந்துவிட்டிருந்தார். ஆனால் அந்தப் பதினாறு, நிறைந்த ஆண்டன்று, நடப்பு ஆண்டு. நம் ஊர்ப் பெரியோரும் பிள்ளைக்குப் பதினாறு நடக்கிறது என்றுதானே சொல்வர்? கீழை நாட்டார் வயதெண்ணும் முறை இலண்டன் அலுவலர்க்கு விளங்கவில்லை. சுரேந்திரநாத் குவீன்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தை நாடினார். மன்றத்தின் தலையீட்டால் பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டது. இந்நிகழ்ச்சிகளை ஒட்டிய காலத்திலேயே தந்தையார் காலமானார். ஆங்கில நீதிமன்றத்தை அணுகினால் நியாயம் கிடைக்கும் என்னும் நம்பிக்கை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது இந்த இளமைப் பருவத்தில்தான் என்பது என் கருத்து. பிற்காலத்தில் அவர் செய்தனவற்றையும் செய்யத் தயங்கியனவற்றையும் விளக்க இதுவொன்றே போதும்.

1871இன் இறுதியில், இன்று வங்கதேசத்தில் உள்ள சில்ஹெட் மாவட்டத்தில் துணை மாஜிஸ்திரேட்டாக அவர் பொறுப்பேற்றார். குற்ற வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பளிப்பது அவர் பணிகளுள் தலையாயது. துறைத் தேர்வுகளில் விரைந்து தேறி, உடன் பணியாற்றிய வெள்ளையரை முந்தி முதல் வகுப்பு அதிகாரம் பெற்றார். மேலதிகாரி சதர்லாண்டின் மனம் அன்றுமுதல் மாறியது என்பர். அதன்பின் வந்ததே யுதிஷ்டிரன் வழக்கு.

படகுத் திருட்டுக் குற்றம் சாட்டப்பெற்ற ஏழை ஒருவன் பெயர் யுதிஷ்டிரன். வழக்கு பலமுறை ஒத்திவைக்கப்பட்டு நீண்டுகொண்டே போயிற்று. தாமதத்துக்குக் காரணம் காட்டவேண்டிய நிலையில், ஓடி ஒளிந்த குற்றவாளிகளின் பட்டியலில் அவன் பெயர் சேர்க்கப்பட்டு ஆணை எழுதப்பட்டது. அவனோ ஓடவுமில்லை, ஒளியவுமில்லை. அந்த ஆணையின் கீழ் சுரேந்திரநாத்தின் கையெழுத்து இருந்தது. அன்றாடம் குவியும் தாள்களோடு பேஷ்கார் கொண்டுவந்து நீட்டியதில் வழக்கம்போல் ஒப்பமிட்டதாக அவர் விளக்கம் தந்தார். அரசு அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. விசாரணையைக் கல்கத்தாவில் நடத்துமாறு அவர் கேட்டதும் மறுக்கப்பட்டது. மூவர் கொண்ட குழு விசாரித்து, தெரிந்தே பொய்ப் பதிவு செய்தார் என்று முடிவு கூறியது. 1874இல் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்; கருணைத் தொகையாக மாதம் ஐம்பது ரூபாய் வழங்கப்பட்டது.

வரலாறு எழுதுவோர் இவ்விடத்தில் பொதுவாக வெள்ளையரின் நிறவெறியைச் சாடிவிட்டு அடுத்த இயலுக்குச் சென்றுவிடுவர். தண்டனையின் அளவில் நிறம் புகுந்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. இதே பிழையைச் செய்த ஆங்கில இளைஞன் ஒருவன் கண்டிப்போடு தப்பியிருப்பான் என்று அக்காலத்தார் பலரும் கருதினர். ஆயினும் பிழையே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? நடுவரின் கையெழுத்து ஏழை ஒருவனைப் பொய்யாகத் தலைமறைவுக் குற்றவாளி ஆக்கியது. தருமனின் பெயரைத் தாங்கிய அவனுக்கு நேர்ந்த தீங்கைப் பற்றிப் பெரும்பாலான வாழ்க்கைக் குறிப்புகள் ஒரு வரிகூட இரங்கவில்லை. தேர்வுக் காலங்களில் கட்டுக் கட்டாக வரும் தாள்களில் ஒப்பமிடும் ஆசிரியர் இனத்தைச் சேர்ந்தவள் என்ற முறையில் இதைப் படிக்கும்போது அச்சமே மேலிடுகிறது. பிழை சிறிதன்று, தண்டனை அதனினும் மிகப் பெரிது. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டால்தான் அம்மனிதரின் வாழ்வு நமக்கு முழுமையாகத் தெரியும்.

மேல்முறையீட்டுக்காக மீண்டும் இலண்டன் சென்றார். முறையீடு தள்ளப்பட்டது. பாரிஸ்டராகும் தகுதி பெற முயன்றார். பணிநீக்கம் செய்யப்பட்டவர் என்னும் காரணத்தால் அக்கதவும் அடைபட்டது. அரசுப் பணியும் இல்லை, வழக்கறிஞர் தொழிலும் இல்லை என்னும் நிலையில் இருபத்தாறு வயது இளைஞர் அந்நகரில் ஓராண்டளவு தங்கிச் செய்தது நூல்களைப் படித்ததுதான். பர்க்கின் சொற்பொழிவுகளையும் இத்தாலியர் மாஜினியின் வாழ்வையும் அங்கு ஊன்றிக் கற்றார். தமக்கு இழைக்கப்பட்ட அநீதி, தாம் குரலற்ற ஓரினத்தைச் சேர்ந்தவர் என்பதால் விளைந்தது என்ற தெளிவு அப்போது பிறந்தது.

1875இல் நாடு திரும்பியவர்க்கு ஈசுவர சந்திர வித்யாசாகர் தம் மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர் பணி அளித்தார். உற்றாரும் ஒதுங்கி நின்ற காலத்தில் நீட்டப்பட்ட கை அது. அடுத்த ஆண்டு ஜூலை 26ஆம் நாள் இந்தியச் சங்கம் தொடங்கப்பெற்றது. அன்று காலைதான் அவருடைய மகன் இறந்திருந்தான். துயரை உள்ளடக்கிக்கொண்டு மாலைக் கூட்டத்துக்குச் சென்று அவர் பேசினார்.

அவ்வாண்டிலேயே ஐ.சி.எஸ். தேர்வுக்குரிய வயது வரம்பு இருபத்தொன்றிலிருந்து பத்தொன்பதாகக் குறைக்கப்பட்டது. கடல் கடந்து சென்று எழுதவேண்டிய இந்திய மாணவர்க்கு இது கதவடைப்பு. வயதுக் கணக்கால் தாமே ஒருமுறை வெளியே தள்ளப்பட்டவரான சுரேந்திரநாத் இதைப் பேசுபொருளாக்கி 1877இல் லாகூர், அமிர்தசரஸ், தில்லி, அலகாபாத், காசி முதலிய ஊர்களுக்குச் சென்றார். 1878இல் பம்பாய், சென்னை மாகாணங்களுக்கு வந்தார். ஓர் அரசியற் கோரிக்கைக்காக இந்தியா முழுவதையும் ஒருவர் சுற்றி வந்தது அதற்குமுன் நிகழாதது. சென்ற இடமெல்லாம் பொதுக்கூட்டங்கள் நிரம்பின. சென்னையில் மட்டும் பொதுக்கூட்டம் கூட்ட இயலாமல், முக்கியமானோர் சிலர் ஓரிடத்தில் கூடிப் பேசியதோடு நின்றுவிட்டது. தமிழர்க்குப் பெருமை தராத செய்திதான். ஆனால் அதே 1878 செப்டம்பரில் ஹிந்து இதழ் பிறந்தது. 1884இல் சென்னை மகாஜன சபை எழுந்தது. 1887இல் காங்கிரஸ் மாநாடு சென்னையிலேயே கூடியது. பத்தாண்டுக்குள் இவ்வூர் விழித்துக்கொண்டது.

1879இல் பெங்காலி என்னும் ஆங்கில வார இதழைத் தம் பொறுப்பில் எடுத்தார். 1883இல் அவ்விதழே அவரை மீண்டும் நீதிமன்றத்துக்கு, இம்முறை குற்றவாளியாக, இட்டுச் சென்றது. இந்திய நடுவர்கள் உள்நாட்டுப் பகுதிகளில் ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்னும் இல்பர்ட் மசோதாவால் கல்கத்தா கொதித்துக்கொண்டிருந்த நேரம். குடும்ப வழக்கொன்றில் சாளக்கிராமத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் செய்த நீதிபதி நாரிஸை, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கொடுங்கோல் நீதிபதிகளான ஜெஃப்ரீஸ், ஸ்க்ராக்ஸ் ஆகியோரோடு ஒப்பிட்டு அவர் எழுதினார். அவர் ஆதாரமாகக் கொண்டது வேறோர் இதழில் வந்த செய்தி. வழக்காடிய தரப்பினரின் இசைவு பெற்றே அது கொண்டுவரப்பட்டது என்பது பின்னரே தெரியவந்தது. அவர் வருத்தம் தெரிவித்தார். எனினும் ஐவர் அமர்ந்த ஆயம் இரண்டு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. ஐவருள் இந்தியரான ரொமேஷ் சந்திர மித்ரர் மட்டும் அபராதமே போதும் என்று மாறுபட்டார்.

சில்ஹெட்டில் படியாமல் கையெழுத்திட்டார்; இங்கோ முழுதும் தேராமல் எழுதினார். விரைவு அவருடைய உடன்பிறந்த குணம் போலும். ஆயினும் மக்கள் இதைப் பிழையாகக் காணவில்லை. மாணவர் திரண்டனர், கடைகள் மூடப்பட்டன. அம்மாணவர் கூட்டத்தில் இருந்த ஒருவர், பின்னாளில் அதே உயர்நீதிமன்றத்தின் நீதிபதியாகவும் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கிய ஆசுதோஷ் முகர்ஜி. சுரேந்திரநாத் சிறையிலிருந்து வெளிவந்தபோது வங்கத்தின் தலைவராகியிருந்தார். அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தாவில் அவர் கூட்டிய தேசிய மாநாடு, காங்கிரசுக்கு ஈராண்டு மூத்தது.

1886இல் காங்கிரசோடு இணைந்தார். 1895இல் புனாவிலும் 1902இல் அகமதாபாத்திலும் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். புனாவில் குறிப்பேதுமின்றி நான்கு மணி நேரம் பேசினார் என்பர். 1893 முதல் வங்கச் சட்டமன்ற உறுப்பினர். 1876 முதல் கல்கத்தா நகர்மன்ற உறுப்பினர். மெக்கன்சி சட்டத்தால் மக்கள் பிரதிநிதிகளின் வலிமை குறைக்கப்பட்டபோது, 1899இல் தாமும் வேறு இருபத்தெழுவருமாகப் பதவி விலகினார்.

1905இல் கர்சன் வங்கத்தைப் பிரித்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் டவுன்ஹால் கூட்டத்தில் சுதேசி இயக்கம் கால்கொண்டது. சுரேந்திரநாத் அதன் முன்னணியில் நின்றார். மறு ஆண்டு பாரிசால் மாநாட்டில் காவலரின் தடியடிக்கிடையே கைதானார். ஊர்வலக் குற்றத்தோடு நீதிமன்ற அவமதிப்பையும் சேர்த்து அவர்க்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஆங்கிலேயர், அவர் பெயரின் ஒலியை வைத்தே சரணடையாதவர் என்று பொருள்படச் சொல் விளையாடினர்.

அதே மனிதர்தாம் 1907 டிசம்பரில் சூரத்து மாநாட்டில் ராஷ்பிஹாரி கோஷின் தலைமையை வழிமொழிய எழுந்தபோது, பேசவிடாமல் கூச்சலிட்டு அமர்த்தப்பட்டார். எதிரணியில் திலகரின் பக்கம் நின்றோருள் நம் பாரதியும் வ.உ.சிதம்பரனாரும் இருந்தனர். அடுத்த தலைமுறை மனுக்களில் நம்பிக்கை இழந்துவிட்டது. சுரேந்திரநாத் இழக்கவில்லை; 1911இல் வங்கப் பிரிவினை நீக்கப்பட்டது அந்நம்பிக்கையை இன்னும் உறுதிப்படுத்தியிருக்கும். 1918இல் மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தை ஏற்பதா என்னும் வினா எழுந்தபோது அவர் காங்கிரசைவிட்டு விலகி மிதவாதிகளின் தனி மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார்.

1921இல் சர் பட்டமும், இரட்டையாட்சியில் தலப் பொறுப்பாட்சித் துறையின் அமைச்சர் பதவியும் அவரை வந்தடைந்தன. ஒத்துழையாமை நாடெங்கும் பரவிய நேரத்தில் இதைத் துரோகம் என்றே பலர் பேசினர். அக்குற்றச்சாட்டு எனக்கு உடன்பாடன்று. நாற்பத்தேழு ஆண்டுகளுக்குமுன் தம்மைத் தகுதியற்றவர் எனத் தள்ளிய அரசின் அமைச்சராக அமர்ந்து, அவர் செய்த முதன்மையான பணி 1923ஆம் ஆண்டின் கல்கத்தா நகராட்சிச் சட்டம். மெக்கன்சி சட்டம் பறித்ததை அது மீட்டது. வாக்குரிமையை விரிவாக்கி மகளிர்க்கும் அளித்தது. நகர்க்கு மேயர் என்னும் தேர்ந்தெடுக்கப்படும் தலைவரைத் தந்தது. 1899இல் பதவி விலகி வெளியேறியவர், கால் நூற்றாண்டுக்குப்பின் அம்மன்றத்தையே திருத்தி அமைத்தார்.

அதன் பயனை நுகர அவர்க்கு வாய்க்கவில்லை. 1923 இறுதியில் நடந்த தேர்தலில், தம் சொந்தப் பகுதியான பாரக்பூரில், சுயராஜ்யக் கட்சியின் ஆதரவு பெற்ற இளம் மருத்துவர் பிதான் சந்திர ராயிடம் தோற்றார். அந்த மருத்துவர் பிற்காலத்தில் மேற்கு வங்கத்தின் முதலமைச்சரானார். புதிய சட்டத்தின்படி 1924இல் கல்கத்தாவின் முதல் மேயராக வந்தவர் சுயராஜ்யக் கட்சித் தலைவர் சித்தரஞ்சன் தாஸ். தலைமை நிர்வாக அலுவலராக அமர்ந்தவர் சுபாஷ் சந்திர போஸ். சுபாஷ், ஐ.சி.எஸ். தேர்வில் தேறியும் அப்பதவியைத் தாமே 1921இல் துறந்து வந்தவர்.

தோல்விக்குப்பின் சுரேந்திரநாத் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்தார். அந்நூல் 1925இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் பாரக்பூர் இல்லத்தில் அவர் காலமானார். அவர் வளர்த்து, ரிப்பன் பிரபுவின் பெயரைச் சூட்டிய கல்லூரி, விடுதலைக்குப்பின் அவர் பெயரையே தாங்கியது. அதன் சட்டப் பிரிவும் சுரேந்திரநாத் சட்டக் கல்லூரி என்றே வழங்கலாயிற்று.