ஆமணக்கு விதைத்த கோட்டை

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வழியில் கயத்தாறு. 1799 அக்டோபர் 16-ல் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். அவருடைய வீரத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. களத்துமேட்டுத் தானியத்தில் முதல் பங்கு யாருக்கு என்ற கேள்வியும் அந்தச் சண்டையில் இருந்தது. அதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

1760-ல் பிறந்த அவர் 1790-ல் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் ஆனார். இரண்டே ஆண்டில், 1792 ஒப்பந்தப்படி, கிஸ்தி வசூலிக்கும் உரிமை நவாபிடமிருந்து கம்பெனி கைக்குப் போனது. கரிசல் மானாவாரி உங்களுக்குத் தெரியாததா? ஐப்பசி மழை ஏமாற்றினால் கம்பும் இல்லை, சோளமும் இல்லை. கிஸ்தி மட்டும் தவணை தப்பாது. 1798 மே கடைசியில் பாக்கி 3,310 பகோடா, அதாவது அன்றைய பொன் நாணயம். அதில் பெரும்பகுதியைக் கட்டிய பிறகும் கலெக்டர் ஜாக்சன் விடவில்லை. ஊர் ஊராக அலையவைத்து, செப்டம்பரில்தான் ராமநாதபுரத்தில் பார்த்தார். அங்கே கைகலப்பு, ஆங்கில அதிகாரி ஒருவர் இறந்தார். விசாரணையில் ஜாக்சனுக்குத்தான் பதவி போனது.

கதைப்பாடல்களில் தானாபதிப் பிள்ளை ஸ்ரீவைகுண்டத்தில் நெல்லைக் கொள்ளையடித்த கதை வரும். நெல் விளைவது தாமிரபரணிக் கரையில், கரிசலில் அல்ல. வானம் பொய்த்த வருஷம் கரிசல்காரனுக்கு அந்தக் கிடங்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1799 செப்டம்பரில் பானர்மேன் படை வந்தது. பிள்ளையை நாகலாபுரத்தில் கொன்றார்கள். அடுத்த மாதம் கயத்தாறு.

தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்த கோட்டையைச் சில நாளிலேயே மண்ணால் எழுப்பினார். மே 24-ல் அது விழுந்தது. வெள்ளையர் அதைத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள்.

ஏன் ஆமணக்கு? அதன் ஆணிவேர் ஆழம் போகும், வறட்சி தாங்கும், கரிசலில் நன்றாக வரும். ஆனால் விதை நஞ்சு. மனிதனும் தின்ன முடியாது, மாட்டுக்கும் ஆகாது. வேளாண்மை படித்தவன் என்ற முறையில் எனக்கு அது சாதாரண விதைப்பாகத் தெரியவில்லை. இங்கே இனி யாரும் சோறு தின்று வாழக் கூடாது என்ற உத்தரவாகத்தான் படுகிறது.

இது வெள்ளைக்காரன் மட்டும் கண்ட வழியும் அல்ல. பகைவர் நாட்டுக்குத் தீ வைப்பதற்கு எரிபரந்தெடுத்தல் என்று நம் தொல்காப்பியத்திலேயே பெயர் உண்டு. போரில் பயிரையும் கால்நடையையும் குடிநீரையும் அழித்து மக்களைப் பட்டினி போடக் கூடாது என்று ஜெனீவா ஒப்பந்தங்களின் கூடுதல் நெறிமுறையில் எழுதியது 1977-ல்தான். அதில் இந்தியா இன்னும் சேரவில்லை.

பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது நீங்கள் பார்ப்பது தமிழக அரசு 1974-ல் கட்டிய நினைவுக் கோட்டை.