கூடிப் பாடக் கற்பித்த ஆசான்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மார்கழி மாதத்தில் சங்கீத சபைகள் நிரம்பி வழிவது யாவரும் அறிந்ததே. மேடையில் ஒருவர் பாடுவார். எதிரே நூற்றுக்கணக்கானோர் தாளம் போட்டுக் கேட்பார்கள். தனி வித்வானின் மனோதர்மமே நமது சங்கீதத்தின் பெருமை. அதை யாரும் மறுப்பதற்கில்லை. ஆயினும், கேட்டுக்கொண்டிருக்கும் ஜனங்களும் ஒன்றுகூடிப் பாட வேண்டும் என்று எண்ணி, அதற்காகவே உழைத்தவர்கள் மிகச் சிலர். அச்சிலருள் முதன்மையானவர் எம். பி. சீனிவாசன்.

1925-ஆம் வருஷம் செப்டம்பர் 19-ஆம் தேதி பிறந்த சீனிவாசன், சென்னை இராஜதானிக் கல்லூரியில் மாணவராயிருந்த காலத்திலேயே அரசியல் கிளர்ச்சிகளில் ஈடுபட்டார். பொதுவுடைமைக் கொள்கை அவரைக் கவர்ந்தது. கலையை ஜனங்களிடையே கொண்டு சென்ற இந்திய மக்கள் நாடக மன்றத்தின் தொடர்பும் ஏற்பட்டது. 1919-ஆம் வருஷம் எந்தத் தலைவர்கள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அமிர்தசரஸ் மக்கள் ஜாலியன்வாலா பாக்கில் கூடினார்களோ, அவர்களுள் ஒருவரான டாக்டர் சைபுதீன் கிச்லூவின் புதல்வி ஜாஹிதாவை அவர் மணந்தார். மத பேதம் குறுக்கிடாத அவ்விவாகமே அவருடைய கொள்கைக்குச் சான்று.

சினிமாவில் புகுந்தபோதும் அவர் கொள்கையை வாசலில் கழற்றி வைக்கவில்லை. நிமாய் கோஷ் இயக்கி 1960-இல் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' என்னும் தொழிலாளர் வாழ்க்கைச் சித்திரத்துக்கு இசை அமைத்தார். அதில் ஜெயகாந்தனும் பாட்டு எழுதினார். படம் வியாபாரத்தில் வெற்றி பெறவில்லை. பாட்டுகளோ நிலைத்து விட்டன. 1961-ஆம் வருஷம் நவம்பர் 14-ஆம் தேதி, சென்னைப் பரணி ஸ்டூடியோவில், கிறிஸ்தவ இளைஞர் ஒருவரைக் கொண்டு, ஜாதி பேதத்தைச் சாடும் ஸ்ரீ நாராயண குருவின் சுலோகத்தைப் பாடுவித்து ஒலிப்பதிவு செய்தார். அவ்விளைஞரே கே. ஜே. யேசுதாஸ். பின்னர் அடூர் கோபாலகிருஷ்ணன் முதலியோரின் மலையாளப் படங்களால் சீனிவாசனுக்குக் கேரளத்தில் பெரும் புகழ் வந்தது.

ஸ்டூடியோக்களில் வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர்களின் நிலையை அவர் நேரில் கண்டவர். வேலை உண்டா என்பது நிச்சயமில்லை. கூலி முதலாளியின் தயவைப் பொறுத்தது. தனித்தனியே நின்றவர்களைச் சங்கமாகத் திரட்டுவதில் அவர் முன்னின்றார். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் உருவானதிலும் நிமாய் கோஷுடன் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

1970-களின் தொடக்கத்தில் அவர் அமைத்த சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவும் இதே பணியின் மற்றொரு கிளையே. சேர்ந்திசை என்பது எல்லோரும் ஒரே மெட்டைக் கத்துவதன்று. ஒரு பிரிவினர் ஒரு ஸ்வரத்தில் நிற்க, வேறு பிரிவினர் வேறு ஸ்வரங்களில் நின்று, அனைத்தும் இசைந்து ஒலிக்க வேண்டும். மேல்நாட்டார் இதில் கைதேர்ந்தவர்கள். எஸ்தோனியா போன்ற சிறு தேசம் கூடிப் பாடியே தன் தேசியத்தைக் காத்துக்கொண்டது. நமது இராகமோ ஒரே இழையாக வளர்வது. அன்னிய முறையை அப்படியே ஒட்டினால் இராகத்தின் சாயல் கெடும். அது கெடாதபடி பாரதியாரின் பாட்டுகளையும் பிற பாரத மொழிப் பாட்டுகளையும் பல குரல்களுக்குப் பிரித்து அமைத்ததே சீனிவாசனின் சாதனை. சங்கீதத்தைத் தொழிலாகக் கொள்ளாத இளைஞர்களுக்கும் பொறுமையுடன் அவர் கற்பித்தார்.

1988-ஆம் வருஷம் மார்ச் 9-ஆம் தேதி, லட்சத்தீவுக்குச் சென்றிருந்த இடத்தில் அவர் காலமானார். வயது அறுபத்திரண்டு. அவருக்குப் பின்னும் அக்குழு பாடி வந்தது.

சேர்ந்து பாடுகிறவன் தன் குரலை இழக்கவும் கூடாது. அயலானின் குரலை அமுக்கவும் கூடாது. சங்கத்துக்கும் தேசத்துக்கும் தேவையான ஒழுக்கம் இதுவே. பாரதியின் பாட்டை மேடையில் பிறர் பாடக் கேட்டுக் கை தட்டிவிட்டு வீடு திரும்பும் நாம், இவ்வாசானிடம் கற்க வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது.